அப்பா வெட்டித் தந்த ஃபிலிம்

கண்ணத் தொறக்காதிய அண்ணாச்சி. சிஸ்டரு இப்பத்தான மருந்து விட்டுட்டுப் போறா. அதுக்குள்ள தொறந்தியன்னா திரும்பவும் விடுவா, திரும்பவும் காந்தும். பேப்பரு எங்கயும் போகல, என் மடியிலதான் கெடக்கு. நீங்க கண்ண மூடிக்கிட்டு பெஞ்சுக்கு அடியில தடவினதப் பாத்துட்டுத்தான் எடுத்து வச்சேன். இந்தக் கண்ணாஸ்பத்திரி வராந்தாவுல தமிழ்ப் பேப்பரு கொண்டுவந்த ஆளு நீங்க ஒருத்தருதான். அதான் தமிழ்லயே பேச்சுக் குடுத்தேன்.

நாகர்கோவிலா? நெனச்சேன். நாங்களும் அந்தப் பக்கந்தான், தாத்தா காலத்துல இந்த மலையாளத்து ஊருக்கு வந்தது. இப்ப வலியசாலையில கெடக்கோம். அக்ரஹாரத்துல இல்ல, அதுக்குப் பின்னாடி ஒரு வளவுல.

வாசிக்கட்டா? வாசிப்பேன். ஸ்கூல்ல படிச்சது மலையாளம். தமிழ் எழுத்து அப்பா சொல்லித் தந்தது, இதே மாதிரி பேப்பர விரிச்சு வச்சுத்தான். கொஞ்சம் தட்டும் முட்டும், பொறுத்துக்கிடணும்.

தும்மலு வருதா? அது என்னாலதான். சிஸ்டருக்கும் வந்துது, அவ மருந்து வாசனைன்னு நெனச்சா. எங்கப்பா சாலைக் கம்போளக் கடைத்தெருவுல மொளகாப்பொடி மில்லுல மெசின் ஓட்டுதாவ. எங்க வீட்டுல துணி, பாயி, தலகாணி எல்லாத்துலயும் மொளகா. யாரு வந்தாலும் மொதல்ல தும்முவாவ, பெறவுதான் சொகமான்னு கேப்பாவ. கள்ளன் வந்தாக்கூட தும்மியே மாட்டிக்கிடுவான்னு அம்மா சொல்லுவா. நான் குளிச்சுட்டு அலக்கின பாவாடதான் உடுத்திட்டு வந்தேன். போகாது. தோலுக்குள்ள போயாச்சு.

செரி, கேளுங்க. மொதப் பக்கம் முழுக்க ராக்கெட்டு. நேத்துக் காலையில விட்டாவளாம். மேல போயி ஒரு உபகிரகத்தச் சுத்த விட்டுட்டுதாம். எடை முப்பத்தஞ்சு கிலோ. முப்பத்தஞ்சு கிலோன்னா எங்க மில்லுக்கு வாற ஒரு சாக்கு மொளகா. ஒரு சாக்க மேல ஏத்த இத்தன பேரு வருஷக்கணக்குல மண்டைய ஒடச்சிருக்காவ. எங்க மில்லுல அத ஒத்த ஆளு முதுகுல வச்சு மச்சுக்கு ஏத்துவாரு. அவரு போட்டோவ யாரும் போட்டதில்ல.

சிரிக்காதிய, சிரிச்சா மருந்து ஒழுகும்.

இன்னைக்குத் தம்பானூர்ல பஸ்ஸ விட்டு எறங்குதோம், ஒருத்தன் எல்லாருக்கும் லட்டு குடுக்கான். என்ன விசேஷம் சேட்டான்னு கேட்டேன். நம்மளு ஜெயிச்சு மோளேங்கான். அண்ணாச்சி, நான் எதுல ஜெயிச்சேன்? கணக்குல பத்தொம்பது மார்க்கு நான். போன வருஷம் இதே ராக்கெட்டு கடல்ல விழுந்துதே, அப்ப இவன் எங்க போயிருந்தான்? அன்னைக்கு விழுந்தது மட்டும் அவிய ராக்கெட்டு, இன்னைக்கு ஏறினது நம்ம ராக்கெட்டு.

லட்ட வாங்கினேனான்னா... வாங்கினேன். லட்டு என்ன பாவம் செஞ்சுது. எனக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு. தம்பிதான் உள்ள இருக்கான், நம்பி. அழகியநம்பின்னு பேரு. பன்னெண்டு வயசு. இருட்டு ரூமுல வச்சு என்னமோ பொட்டு பொட்டா லைட்டக் காட்டிக் கேக்காவ. எனக்குக் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல, நான் கூட்டிட்டு வந்தவ. அவனுக்குத்தான். கண்ணு திரும்புமா திரும்பாதான்னு இன்னைக்குச் சொல்லிருவாவ. மாசி மாசத்துலருந்து இதே பெஞ்சுல ஒக்காந்து ஒக்காந்து இந்தச் செவத்துல எத்தன பல்லி இருக்குன்னு எனக்குத் தெரியும்.

நான் ஒருதடவ உள்ள போயிட்டு வந்தாச்சு. டாக்டரம்மா கூப்பிட்டாவ. சொன்னாவ, என்னமோ சொன்னாவ. இருங்க, பேப்பர முடிச்சிருவோம். நீங்க காசு குடுத்து வாங்கினதுல்லா.

நாலாம் பக்கத்துல அறிவியல் துணுக்குன்னு பெட்டி கட்டிப் போட்டிருக்கான். இந்தப் பெட்டிதான் எங்கப்பாவுக்கு உசுரு. மொதல்ல இத வாசிப்பாவ, பெறவுதான் யாரு செத்தான், யாரு மந்திரியானான்னு பாப்பாவ. இன்னும் இருவது வருஷத்துல வீட்டு வேலை முழுக்க மெசினே செய்துருமாம். பொம்பிளையளுக்குப் பொழுது போகாதது பெரிய பிரச்சினை ஆயிருமாம். எங்கம்மாகிட்டச் சொல்லணும். அப்பம் என்ன செய்யலாம்னு இப்பமே யோசிச்சு வைக்கட்டும். அம்மி கொத்துறவனே ஒரு மாசமா வரல, இருவது வருஷம் கழிச்சு மெசின் வருதாம்.

அடுத்தது. ஜப்பான்ல தீப்பெட்டி அளவுல கணக்குப் போடுற மெசினு வந்தாச்சாம். பாத்தியளா? பரீட்சைக்கு முந்திச் சொல்லக் கூடாதா இவனுக்கு?

ஆமா, தோத்துட்டேன். எஸ்.எஸ்.எல்.சி. திரும்ப எழுதப் போகல. தம்பிக்குக் கண்ணு போனதால அவனுக்குப் பாடம் வாசிச்சுக் குடுக்க நின்னுட்டேன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லுதா. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பொய். எனக்குக் கணக்கு வராது, அதனால நின்னேன். வாசிச்சுக் குடுக்கிறது நெசந்தான். அவன் புஸ்தகத்த நான் வாசிப்பேன், அவன் கண்ண மூடிக்கிட்டுக் கேப்பான், இப்ப நீங்க இருக்கிய பாருங்க, அதே மாதிரி. நடுவுல நிறுத்தி, அக்கா அது தப்பு, திரும்ப வாசிங்கான். வாசிக்கிற எனக்கு வெளங்காது, கேக்கிறவனுக்கு வெளங்கிரும். அப்படி ஒரு மண்ட.

அவன்தான் எங்க வீட்டு ராக்கெட்டு. அப்பா சொல்லுவாவ, நம்பி பெரிய படிப்புப் படிச்சு தும்பாவுல ராக்கெட்டு விடுவான், நான் மில்லு வாசல்ல நின்னு அண்ணாந்து பாப்பேன்னு. அப்ப நான் என்ன செய்வேன்னு கேட்டா, நீ அவனுக்குச் சோறு கொண்டு போவங்கும். இது ஒரு நியாயமா அண்ணாச்சி? ஆனா அப்பா மேல அப்ப எனக்குக் கோவம் வந்ததில்ல. அவுக ஆச அப்படி. பெரிய படிப்பு இல்லாத ஆளு, மெசினு சத்தத்த வச்சே எந்த உருள தேஞ்சிருக்குன்னு சொல்லிருவாவ, ஆனா மெசினுக்கு மேல என்ன இருக்குன்னுதான் எந்நேரமும் யோசனை.

அந்த அமெரிக்காக்காரன் ஆகாசக் கூடு விழுந்துதே, ஸ்கைலாபு, போன வருஷம். ஒங்க ஊருலயும் ஆட்டம் உண்டுமா? எங்க தெருவுல ஒருத்தரு வளத்த கோழி அத்தனையையும் அடிச்சுத் தின்னுட்டாரு, சாவுறதுக்கு முந்தி தின்னுட்டுச் சாவோம்னு. மறுநா அது எங்கயோ வெளிநாட்டுல விழுந்துட்டு. அவருக்கு முட்டைக்கு வழியில்லாமப் போச்சு. அன்னைக்கு எல்லாரும் கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கும்போது எங்கப்பா மட்டும் தலையில ஒரு ஈயச் சருவத்தக் கவுத்திக்கிட்டு முத்தத்துல நின்னாவ. பயந்துல்ல. விழுந்தா பாக்கணும்லா, அதுக்கு. அதான் எங்கப்பா. பயம் வேற, சாஸ்திரம் வேறங்கும். விஷயம் தெரிஞ்சவனுக்குப் பயம் இல்லங்கும்.

யாரோ கூப்பிடுதா. அழகப்பன்... இல்ல, நம்பி இல்ல. வேற ஆளு.

இன்னும் ஒண்ணு இருக்கு இந்தப் பெட்டியில. சூரியன் இன்னும் ஐநூறு கோடி வருஷம் எரியும், யாரும் கவலைப்பட வேண்டாம். நல்லது. அது எரியட்டும். எங்க வீட்டுக்கு அது ஒரு சாயங்காலம் எரிஞ்சதே தாராளம்.

கிரகணந்தான் அண்ணாச்சி. மாசியில வந்துதே, அது. ஒங்க ஊருலயும் பஸ்ஸு ஓடலியா? இங்க தம்பானூர்ல ஒரு காக்காகூடக் கெடையாது. ஊரே செத்துப்போன மாதிரி. எங்க தெருவப் பத்திக் கேக்கவே வேண்டாம். தண்ணிப்பானை, ஊறுகா பரணி எல்லாத்துலயும் தர்ப்பப் புல்லக் கிள்ளிப் போட்டாச்சு. மாசமா இருந்த ஒரு பொண்ண உள்ளறையில வச்சு பொட்டு வெளிச்சம் வராம சன்னல்ல கம்பளி கட்டினாவ. முன்வீட்டு நீலாம்பாள் மாமி எங்க வளவுக்கே வந்து சொல்லிட்டுப் போனா. பிள்ளைகள உள்ள வச்சுக்கோங்கோ, ராகு பிடிக்கிற நேரம்னா. அப்பா கேட்டாவ, மாமி, ராகுவுக்குத் தலை மட்டுந்தான உண்டு, முழுங்கின சூரியன் கழுத்து வழியா வெளிய வந்துருமே, அதுக்கு ஏன் இத்தன பாடுன்னு. மாமிக்கு மூஞ்சி செவந்து போச்சு. நாங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சோம். நம்பி அப்படிச் சிரிச்சதப் பெறவு நான் பாக்கல.

எது வழியாப் பாத்தோம்னா கேக்கிய? அதுக்குத்தான வாறேன். நீங்க ஏன் அவசரப்படுதிய, அவசரப்படுறது என் வேலை.

பேப்பர்ல போட்டிருந்தாவ, வெறுங்கண்ணால பாக்காதிய, நல்லாக் கறுத்த ஃபிலிம் வழியாத்தான் பாக்கணும்னு. எங்க வீட்டுல ஃபிலிம் உண்டு. எங்க வளவுலயே ஃபிலிம் உள்ள வீடு எங்க வீடுதான். அப்பாவோட எக்ஸ்ரே. அதுக்கு முந்தின வருஷம் அப்பாவுக்கு கல்ஃபு ஆச வந்துது. இங்க யாருக்குத்தான் வரல? அங்கயும் மாவு மில்லு இருக்கு, மெசினு தெரிஞ்ச ஆளு வேணும்னு ஒரு ஏஜென்டு சொன்னான். மெடிக்கல் பாக்கணும்னு நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னான். எடுத்தாச்சு. கொஞ்சநாள் கழிச்சு ஃபிலிமக் கையில குடுத்துட்டு, இந்தத் தடவ ஆள் நெறஞ்சுபோச்சு பகவதிப்பெருமாளு, அடுத்த தடவ நோக்காம்னான். அடுத்த தடவ அவன் இவுகளக் கண்டா அடுத்த முக்குல திரும்பிப் போனான்.

அப்பாவுக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல கேட்டியளா. கல்ஃபு போனா போட்டும், படம் கெடச்சுதுல்லாங்கும். அத சன்னல்ல மாட்டி வச்சு, வாறவன் போறவனுக்கெல்லாம் காட்டுவாவ. இது வாரியெலும்பு. இது இதயம், பாத்தியா, எடது பக்கம் சாஞ்சு நிக்கி. மனுஷன் அறுக்காமலே உள்ள பாக்கான், என்ன மூளைன்னு. வலது பக்கம் மேல, தோளெலும்புக்குக் கீழ வெள்ளையா ஒரு வட்டம் இருக்கும், ஒரு எலுமிச்சங்கா அளவுக்கு. சுத்தி உள்ள எடமெல்லாம் கறுப்பு, அது மட்டும் வெளுப்பு. மில்லுல ஒருத்தரு கேட்டாரு, இது என்னவே பெருமாளுன்னு. அப்பா சொன்னாவ, அது என் நெஞ்சுல உள்ள சன்னல் வே, காத்து போக வர வேண்டாமா, உங்க மில்லுல வேற சன்னலே இல்லியேன்னு. மில்லே சிரிச்சுது. பெறவு அதுக்கு எங்க வீட்டுல சன்னல்னே பேராயிட்டு.

இருமலா? அப்பாவுக்கா? இருமும்தான். மொளகா மில்லுல இருமாதவன் யாரு அண்ணாச்சி? அங்க எல்லாரும் இருமுவாவ. இருமல் நின்னுட்டுன்னாத்தான் மெசினு நின்னு போச்சான்னு எட்டிப் பாப்பாவ. அத ஒரு சீக்குன்னு யாரும் நெனச்சதில்ல.

கிரகணத்தன்னைக்கு மத்தியானம் அப்பா தகரம் வெட்டுற கத்திரிய எடுத்து ஃபிலிமத் துண்டு துண்டா வெட்டினாவ. அம்மா வேண்டாம் வேண்டாம்னு சொன்னா. நெஞ்ச வெட்டாதீங்கன்னா, ஆளையே வெட்டுத மாதிரி. எனக்கு ஒரு துண்டு தந்தாவ. கரிக்கட்ட மாதிரி கறுப்பு. அதுல பாத்தா சூரியன் மங்கலா ஒரு செம்புக்காசு மாதிரி தெரிஞ்சுது, அவ்வளவுதான். நான் சண்ட போட்டேன். எனக்கு மட்டும் என்ன கரித்துண்டு, எப்பமும் எனக்குத்தான் மட்டம், நம்பிக்கு மட்டும் நல்லதுன்னு. ஏன்னா நம்பிக்கு அப்பா சன்னலக் குடுத்தாவ. அந்த வெள்ள வட்டம் நடுவுல வாற மாதிரி, ஓரத்த மடக்கி, கையக் கிழிக்காம இருக்க பிளாஸ்டர் ஒட்டிக் குடுத்தாவ. எல்லாத் துண்டையும் ஒவ்வொண்ணா வாசல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, இதுலதாண்டே தெளிவாத் தெரியுதுன்னு சொல்லி அவனுக்குக் குடுத்தாவ.

ஆசையிலதான் குடுத்தாவ. வேற எதுல?

வளவு முத்தத்துல நாங்க மூணுபேரும் நிக்கோம். தெருவுல ஒரு குஞ்சு குளுவான் இல்ல. நாய்கூட திண்டுக்கு அடியில போயிட்டு. வெயில் ஒரு மாதிரி சாம்பலா மாறுது. நான் ரெண்டு மட்டம் பாத்தேன், செம்புக்காசக் கடிச்ச மாதிரி இருந்துது, இவ்வளவுதானான்னு சடச்சுப் போயி உள்ள வந்துட்டேன். நம்பி நின்னான். நின்னுக்கிட்டே இருந்தான். அப்பா அவன் முதுகுக்குப் பின்னாடி குனிஞ்சு நின்னு கேக்காவ, எவ்வளவு மறைஞ்சிருக்கு, எந்தப் பக்கத்துலருந்து மறையுது, சொல்லு சொல்லுன்னு. கண்ணு கூசுதுப்பான்னான். ஒரு கண்ணு கூசினா மத்த கண்ணுல பாரு மக்ளே, இனி இப்படி ஒண்ணு நம்ம ஊருல எப்பம் வருமோன்னாவ. அப்பா சூரியன ஒருதடவகூடப் பாக்கல அண்ணாச்சி. அவன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னாவ. கிரகணத்த விட அதான் அவுகளுக்குப் பெரிய காட்சி.

அன்னைக்குச் சாயங்காலமே கண்ணுக்குள்ள ஒரு வெளிச்சம் நிக்கின்னான். ஒறங்கினா போயிரும்னோம். மறுநா காலையில வெளிச்சம் போயிட்டு, அங்க ஓட்ட விழுந்துட்டு. நேரா பாத்தா நடுவுல ஒண்ணும் இல்லங்கான். சுத்தித் தெரியுது, நடுவுல இல்ல. ரெண்டு கண்ணுலயும். இப்ப அவன் என் மூஞ்சியப் பாக்கணும்னா என் காதப் பாக்கான். காதப் பாத்தாத்தான் மூஞ்சி தெரியும். புதுசா பாக்கிறவன் இவன் யாரடா, என் பின்னாடி யாரப் பாக்கான்னு திரும்பிப் பாப்பான். இன்னைக்கு லட்டு நீட்டினானே, அவனும் திரும்பிப் பாத்தான். எழுத்து வாசிக்க முடியாது. எந்த எழுத்தப் பாக்கானோ அந்த எழுத்து இருக்காது, பக்கத்து எழுத்துதான் இருக்கும். கிளாஸ்ல மொத ரேங்கு. இப்ப போர்டுல என்ன இருக்குன்னு பக்கத்துப் பையன்கிட்டக் கேக்கான்.

தெருவுக்குக் கொண்டாட்டந்தான். வாய் தொறந்து சொல்லல, முகத்துல இருந்துது. ராகுவப் பழிச்சான்லா, அது பிள்ளை மேல காட்டிட்டுன்னு. நீலாம்பாள் மாமி நல்லவ, அழுதா. அழுதுட்டு, நான் அப்பமே சொன்னேனேன்னா. அந்த ஒண்ண மட்டும் விட்டிருக்கலாம். நான் கேட்டேன், மாமி, உள்ள வச்சுக் கம்பளி கட்டினியளே ஒரு பொண்ண, அதுக்கு நல்ல பிள்ளையா பொறந்துதான்னு. ஏழாம் மாசத்துலயே செத்துல்லா பொறந்துது. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுட்டேன். என் வாயி அப்படி.

ராகுவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஆனா பேப்பர்க்காரன் மட்டும் என்ன யோக்கியன்? நல்லாக் கறுத்த ஃபிலிம்னு ஒரு வரி. சூரியன் ஐநூறு கோடி வருஷம் எரியும்னு எழுத எடம் இருக்கு, கறுப்புன்னா எது கறுப்பு, வெளுப்பு பட்டா என்ன ஆகும்னு எழுத எடம் இல்ல. நான் பாத்த கறுப்புத் துண்டையும் நம்பக் கூடாதாம், டாக்டரம்மா சொன்னாவ. ஏதோ தப்பிச்சியாக்கும்னாவ. மட்டம்னு சண்ட போட்ட துண்டு.

அப்பாவா? அப்பா பேப்பர் வாங்குறதில்ல இப்ப. டீக்கடையில யாராவது சத்தமா வாசிச்சாக்கூட எந்திச்சுப் போயிருவாவ. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒங்க ஊருக்குத்தான் வாறாவ, நாகராஜா கோயிலுக்கு. ராகு தோஷத்துக்குப் பால் ஊத்த. சருவத்தத் தலையில கவுத்துக்கிட்டு ஆகாசத்தப் பாத்து நின்ன மனுஷன், வரிசையில நின்னு பாம்புக்குப் பால் ஊத்துதாவ. எனக்கு அதப் பாக்கத்தான் தாங்கல. நம்பி கண்ணுகூடப் பெறவு. அப்பா, இதெல்லாம் நீங்க நம்புதியளான்னு ஒருநா கேட்டேன். நம்பினதுலதான இப்படி ஆச்சு, இனி நம்பாததையும் செய்து பாக்கேன் மக்ளேன்னாவ.

அந்த சன்னல்தாண்டே கெடுத்துட்டுன்னு மட்டும் சொல்லுவாவ. வெளுப்பு வழியா வெயில் நேரா எறங்கிட்டுன்னு அவுகளுக்குத் தெரியும். கறுத்த துண்டக் குடுத்திருந்தா போதுமே, கறுத்த துண்டு எத்தன இருந்துதுன்னு. ஒறக்கத்துலகூட அதான்.

என்ன கேட்டிய? டாக்டரம்மா உள்ள கூப்பிட்டு என்ன சொன்னாவளா? விடமாட்டிய போல.

நம்பிக்கு இனி ஒண்ணும் இல்ல. இத்தன மாசத்துல திரும்பினதுதான் திரும்பினது. இனி இதான் அவன் கண்ணு. பாத வழியில தட்டாமப் போவான், பந்து விளையாடுவான், வாசிக்க மாட்டான். பூதக்கண்ணாடி வச்சுப் பெரிய எழுத்து கொஞ்சம் படிக்கலாம்னாவ. ராக்கெட்டு விடுறவன் எவன் பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டு விடுதான்?

அது எனக்குத் தெரிஞ்சதுதான். மருந்து விடும்போதே சிஸ்டரு மூஞ்சியில எழுதியிருந்துது. அதுக்கெல்லாம் நான் இப்படி உங்க பேப்பர எடுத்து வச்சுக்கிட்டு வாயடிச்சுக்கிட்டு இருக்க மாட்டேன்.

போன தடவ டாக்டரம்மா சொன்னாவ, அவன் எது வழியாப் பாத்தானோ அந்தத் துண்டு இருந்தா கொண்டுவான்னு. எவ்வளவு வெளுப்புன்னு பாக்கணுமாம். பெட்டிக்கு அடியில கெடந்துது, கொண்டுவந்தேன். இன்னைக்குக் குடுத்தேன். வாங்கி, லைட்டுக்கு முன்னாடி பிடிச்சாவ. பிடிச்சது பிடிச்சபடி நிக்காவ. கண்ணப் பத்தி ஒண்ணும் கேக்கல. நம்பிய உள்ள அனுப்பிட்டு, கதவச் சாத்திட்டு, இது யாரோட நெஞ்சுன்னு கேட்டாவ.

அப்பாவோடதுன்னேன். ஆளு இருக்காரான்னாவ.

இருக்காவளே, மில்லுல இருக்காவன்னேன்.

எனக்குப் படம் போட்டுச் சொல்லித் தந்தாவ அண்ணாச்சி. நல்லாத்தான் சொல்லித் தந்தாவ, ஸ்கூல்ல இப்படிச் சொல்லித் தந்திருந்தா நானும் பாஸாயிருப்பேன். காத்து இருக்கிற எடம் எக்ஸ்ரேயில கறுப்பா விழும். நெஞ்சு நல்ல நெஞ்சுன்னா உள்ள முழுக்கக் காத்து, முழுக்கக் கறுப்பு. வெளுப்பா இருந்தா அங்க காத்து இல்ல, வேற என்னமோ வந்து ஒக்காந்திருக்குன்னு அர்த்தம். படம் எடுத்தவனுக்கு அப்பமே தெரிஞ்சிருக்கும், அதான் ஏஜென்டு அனுப்பலன்னாவ. நான் டி.பி.யான்னு கேட்டேன். டி.பி.யா இருந்தா பாக்கியம்னாவ. டி.பி.ய ஒரு டாக்டர் வாயால பாக்கியம்னு சொல்லிக் கேட்டது இதான் மொத மட்டம்.

அப்பாவுக்கு நெஞ்சு நல்லா இருந்திருந்தா அந்த எடம் கறுப்பா இருந்திருக்கும். நம்பியும் செம்புக்காசப் பாத்துட்டு, சடச்சுப் போயி என் பின்னாலயே உள்ள வந்திருப்பான்.

சன்னல் கெடுத்துட்டுன்னு அப்பாவுக்குத் தெரியும். சன்னல் என்னன்னு தெரியாது.

இன்னைக்கே கூட்டிட்டுப் போ, நெஞ்சு டாக்டர்கிட்டக் காட்டு, ஏற்கனவே நாள் போயாச்சுன்னு சொல்லி இந்தத் துண்ட என் கையில திரும்பத் தந்துட்டாவ. பைக்குள்ள இருக்கு. கூட்டிட்டுப் போறதுக்கு என்ன, கூட்டிட்டுப் போயிரலாம். மில்லுல மத்தியானச் சாப்பாட்டுக்கு விட்டதும் நேரா இங்கதான் வாறேன்னு சொல்லியிருக்காவ. வந்ததும், அப்பா, உங்களுக்கு நெஞ்சுல என்னமோ இருக்காம், டாக்டரம்மா சொன்னாவன்னு நான் சொல்லணும். சொன்ன ஒடனே அவுக என்ன கேப்பாவ? மத்த ஆளுன்னா அழும், இல்ல சண்ட போடும். எங்கப்பா எதுக்கும் எப்படின்னு கேக்குற ஆளு. கண்ணு டாக்டருக்கு எப்படிடீ என் நெஞ்சு தெரிஞ்சுதுன்னு கேப்பாவ. அதுக்கு நான் என்ன சொல்லட்டும், நீங்க பெரியவங்க, சொல்லுங்க.

சொல்லாம இருக்கலாம். இருந்தா இருமி இருமியே போயிருவாவ. சொன்னா, ஆஸ்பத்திரிக்கு வருவாவளா? என் நெஞ்சுதான் என் பிள்ள கண்ண எடுத்துதுன்னு தெரிஞ்ச ஆளு, அந்த நெஞ்சக் காப்பாத்தித் தாங்கன்னு எவன்கிட்டப் போயி நிக்கும்?

 

தும்முதியளா? நான் அசையக்கூட இல்லியே... இருங்க. கேக்குதா? படியில, அந்த இருமல். எங்கப்பாதான். மில்லு மொளகாயோடயே வாறாவ. நீங்க கண்ணத் தொறக்காதிய, இன்னும் நேரமாகல.

இங்கப்பா, இந்தப் பெஞ்சுல. நம்பி உள்ள இருக்கான், இப்ப வந்துருவான். என்ன சொன்னாவளா? மொதல்ல ஒக்காருங்க, மூச்ச விடுங்க. தண்ணி குடிங்க. இது நாகர்கோவில் அண்ணாச்சி, கண்ணுக்கு மருந்து விட்டிருக்கு, நாந்தான் பேப்பர் வாசிச்சுக் குடுக்கேன். ராக்கெட்டு மேல போயாச்சுப்பா. இந்த மட்டம் விழல, சுத்திக்கிட்டு இருக்காம். மொதப் பக்கம் முழுக்க அதான். எந்திக்காதிய. ஒரு நாளைக்குத்தான, கேளுங்க. வாசிக்கேன்.